எல்லை மலைகளில் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், கேரள எல்லையில் மலையுச்சியில் இருக்கும் போடிமெட்டுக்குச் சைக்கிளில் ஏறியதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துகிடக்கின்றன. தேனி, தென்காசி மாவட்டங்களின் மேற்கு ஓரமாக, கேரள எல்லையை ஒட்டி ஓடும் மலைச்சாலைகளில் இத்தனை பேருக்கு ஆசை இருக்கிறது என்பதே பெரிய சந்தோஷம். எல்லாக் கடிதங்களுக்கும் இடமில்லை, அதனால் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மூன்று மாதம் முன்புதான் கியர் சைக்கிள் வாங்கினேன். மதுரைக்குள்ளேயே முப்பது கிலோமீட்டர் வரை ஓட்டுகிறேன். முதல் மலைப்பயணமாக நேராகப் போடிமெட்டுக்கே போய்விடலாமா அண்ணா?
(மதுரை வாசகர்)

போகலாம், ஆனால் அடுத்த மாதம் போங்கள். அதற்கு முன்னால் மலையின் காலடியில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் வரை ஒரு சாலை போகிறது. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். வலப்பக்கம் முழுக்க மலைச்சுவர் கூடவே வரும், அதன் உச்சிதான் எல்லை. இடப்பக்கம் தென்னையும் வாழையும் அங்கங்கே திராட்சைப் பந்தலும். சாலை பெரிய ஏற்றம் எதுவும் காட்டாது, ஆனால் சின்னச் சின்ன மேடு பள்ளம் இருந்துகொண்டே இருப்பதால் எந்த இடத்தில் கியரை மாற்ற வேண்டும் என்று கால் தானாகப் பழகிவிடும். தேனி கம்பம் நெடுஞ்சாலையில் பேருந்தும் லாரியும் உங்களை ஓரத்துக்குத் தள்ளும். இந்தச் சாலையில் அந்த நெருக்கடி குறைவு. பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர், அங்கே நின்று ஒரு டீ குடிக்காமல் யாரும் போவதில்லை, நீங்களும் நில்லுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆனியிலிருந்து ஆவணி வரை இந்தப் பள்ளத்தாக்கில் காற்று தென்மேற்கிலிருந்து இறங்கும். அந்த மாதங்களில் கம்பம் நோக்கி மிதித்தால் சமதளமே மலையாகிவிடும். அப்போது பயணத்தைத் திருப்பிப் போட்டு, உத்தமபாளையத்தில் ஆரம்பித்துப் போடியில் முடியுங்கள், காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

கேள்வி: போடிமெட்டு ஏற எத்தனை மணி நேரம் ஆகும்? காலை எத்தனை மணிக்குக் கிளம்புவது நல்லது? கியர் எப்படி இருக்க வேண்டும்?
(விருதுநகர், திண்டுக்கல், கோவை வாசகர்கள்)

இந்த மூன்றில் நடுவில் இருக்கும் கேள்விதான் முக்கியமானது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

போடியிலிருந்து மெட்டு வரை சுமார் 26 கிலோமீட்டர். முந்தல் வரை லேசான ஏற்றம், அங்கே குரங்கணிக்குச் சாலை பிரியும், அதற்கப்புறம்தான் நிஜமான மலை. 17 கொண்டை ஊசி வளைவுகள். மொத்தமாகக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். எல்லோரும் சொல்வதுபோல நானும் முதல் தடவை விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன், வெயிலுக்கு முன்னால் ஏறிவிடலாம் என்று. ஆறு மணியிலிருந்து பின்னால் ஜீப்புகள் வர ஆரம்பித்தன. ஒன்று போனால் அடுத்தது, அது போனால் இன்னொன்று, எல்லாம் நிறைந்து வழிகிற ஜீப்புகள். இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அவற்றில் இருந்தார்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் தினமும் மலையேறி வேலை பார்த்துவிட்டு மாலையில் இறங்குகிறவர்கள் அவர்கள். தோட்டத்தில் வேலை தொடங்கும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அதனால் ஓட்டுநர்கள் வளைவில்கூட வேகத்தைக் குறைப்பதில்லை. ஏழாவது வளைவிலோ எட்டாவது வளைவிலோ ஒரு ஜீப் என்னை உரசுவதுபோல் திரும்பியபோது நான் சாலையை விட்டுக் கல்லில் இறங்கிவிட்டேன். கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன், இந்தச் சாலையில் அந்த நேரம் அவர்களுடையது. அவர்களுக்கு அது அன்றாடக் கூலி, எனக்கு விடுமுறை நாள் பொழுது. அந்த நேரத்தில் நடுவில் ஊர்ந்து போய் அவர்களுக்கும் ஆபத்தை உண்டாக்க எனக்கு என்ன உரிமை?

அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. முந்தலிலிருந்து எட்டு மணிக்குமேல்தான் ஏறுவேன். ஜீப்புகள் போய் முடிந்திருக்கும். மலையின் கிழக்கு முகம் என்பதால் காலை வெயில் நேராக அடிக்கும், அது உண்மை. அதனால்தான் தை பிற்பாதியிலும் மாசியிலும் மட்டும் வாருங்கள் என்கிறேன், அந்த வெயில் தாங்கும். சித்திரையில் எட்டு மணிக்கு ஏறுவது உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. மாலையில் நாலு மணிக்கு மேல் ஜீப்புகள் இறங்கத் தொடங்கும், அதற்கு முன் நீங்கள் கீழே வந்திருக்க வேண்டும், மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வார நாளில் வாருங்கள். சனி ஞாயிறுகளில் மூணாறு போகும் சுற்றுலாக் கார்கள் சேர்ந்துகொள்ளும், அந்த ஓட்டுநர்களில் பலருக்கு மலைச்சாலை புதிது.

சரி, கியர். முன்னால் மிதிகட்டையோடு சுற்றும் பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 32 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு எட்டு கிலோமீட்டர் கிடைக்கும். அந்த வேகத்தில் மலைப்பகுதியை மட்டும் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். பின்னால் 25 அல்லது 28 பல் வரைதான் இருக்கிறது என்றால் கடைக்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். முழங்காலைப் பற்றி எனக்கு எழுதுகிறவர்களில் நிறையப் பேர் பெரிய கியரில் நின்றுகொண்டே மிதித்தவர்கள். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் சாய்வு குறைவு. எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் மட்டும் உங்கள் பாதிக்குள்ளேயே கொஞ்சம் அகலமாகத் திரும்புங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், முந்தலில் நிரப்பிக்கொள்ளுங்கள். இடையில் புலியூத்து அருவி வரும், நின்று முகம் கழுவலாம், மழை பெய்த மாதங்களில் மட்டும்.

கேள்வி: ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இறங்கத்தான் பயம். போனமுறை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் டியூப் வெடித்துவிட்டது. ஏன்?
(சேலம் வாசகர்)

உங்களுடையது ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்று நினைக்கிறேன். தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாகும், அந்தச் சூடு டியூபுக்குள் இருக்கும் காற்றுக்குப் போகும், காற்று விரியும், ஏற்கெனவே கல்மாதிரி அடித்து வைத்த டயர் என்றால் வெடிக்கும். எனக்கும் போடிமெட்டுச் சாலையில் இது நடந்திருக்கிறது. நல்லவேளையாகப் பின்சக்கரம்.

செய்ய வேண்டியது எளிது. பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். நேர்சாலையில் ஓட விடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தை உடைத்துவிடுங்கள், வளைவுக்குள் போனதும் விட்டுவிடுங்கள். இடையிடையே ரிம்முக்குக் காற்று படட்டும். ஐந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அனல் அடித்தால் பத்து நிமிடம் உட்காருங்கள். டயர் 28 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, காற்றையும் உச்சவரம்பு வரை ஏற்ற வேண்டாம். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு டியூப் வெடிக்கும் கவலை இல்லை, ஆனால் நீண்ட இறக்கத்தில் அதுவும் பிடிப்பை இழக்கும், அதனால் அவர்களும் இதையே செய்யுங்கள்.

மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது நீங்கள் அதைக் கடைப்பிடியுங்கள். ஏறும்போது மற்றவர்கள் கடைப்பிடிப்பார்கள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: போன வழியே திரும்பி வராமல் ஒரு சுற்றாக ஓட்ட வழி இருக்கிறதா? இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.
(திருச்சி வாசகர்)

இருக்கிறது, இந்தப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்த பாதையே அதுதான். போடியில் ஏறி மெட்டு, அங்கிருந்து பூப்பாறைக்கு இறக்கம், பூப்பாறையில் மூணாறு பக்கம் திரும்பாமல் தெற்கே சாந்தன்பாறை, உடும்பன்சோலை வழியாக நெடுங்கண்டம். அன்று இரவு அங்கே தங்கல். மறுநாள் கம்பம்மெட்டு வந்து கம்பத்துக்கு இறக்கம், அப்புறம் முதல் பதிலில் சொன்ன உத்தமபாளையம், தேவாரம் சாலையில் போடி. மொத்தம் சுமார் 140 கிலோமீட்டர். ஒரே நாளில் முடித்தவர்கள் உண்டு, நீங்கள் இரண்டு நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மெட்டைத் தொட்டுவிட்டால் ஏற்றம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் இந்தப் பாதையில் எல்லோரும் செய்யும் தப்பு. பூப்பாறையிலிருந்து நெடுங்கண்டம் வரை சாலை ஏறி இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஏற்றமும் சின்னதுதான், எல்லாம் சேர்ந்தால் காலில் மிச்சம் எதுவும் இருக்காது.

ஆனால் அந்த முப்பது சொச்சம் கிலோமீட்டருக்காகத்தான் இவ்வளவு தூரம் போவது. மரநிழலுக்கு அடியில் ஏலச்செடிகள், சாலையோரம் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைகள், அவற்றைத் தாண்டும்போது காற்றே வாசனையாக இருக்கும். கீழே போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடக்கிறது, மேலே புற்றடியிலும் நடக்கிறது. காய் விளைவது ஒரு மாநிலம், அதை எடுக்கிற கைகளில் நிறைய அடுத்த மாநிலத்துக் கைகள். டீக்கடையில் நீங்கள் தமிழில் கேட்கலாம், அவர் தமிழிலேயே பதில் சொல்வார். 1956-இல் மொழிவழியாக மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின, அங்கே தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் அங்கேயே இருந்தார்கள். சைக்கிளில் போனால் இந்த மாற்றத்தை மெதுவாகப் பார்க்கலாம். பெயர்ப்பலகையில் எழுத்து மாறும், புட்டும் கடலைக்கறியும் வரும், பேச்சு மட்டும் மாறாமல் இன்னும் கொஞ்ச தூரம் கூடவே வரும்.

சைக்கிளுக்குச் செக்போஸ்ட்டில் எந்த அனுமதிச் சீட்டும் வேண்டாம். அடையாள அட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

கேள்வி: நானும் தோழியும் கல்லூரியில் படிக்கிறோம். இருவர் மட்டும் போடிமெட்டு போக வீட்டில் பயப்படுகிறார்கள். யானை வரும் என்றும் சொல்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள் அண்ணா.
(மதுரை வாசகி)

உண்மையைச் சொல்கிறேன், வீட்டிலும் இதைப் படிக்கக் கொடுங்கள். போடி முதல் மெட்டு வரை பகலில் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும் தேசிய நெடுஞ்சாலை அது, ஆள் நடமாட்டமே இல்லாத காடு இல்லை. மெட்டில் கடைகள் இருக்கின்றன. சிரமம் வேறு விதத்தில் வரும். முந்தலைத் தாண்டினால் மெட்டு வரை கழிப்பறை வசதி கிடைப்பது கஷ்டம், அதனால் போடியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது, எத்தனை மணிக்கு மெட்டிலிருந்து பேசுவீர்கள் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், நடுவில் பேச முடியாவிட்டால் பதற மாட்டார்கள். மதுரையிலிருந்து போடிக்கு 2023 ஜூன் முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து ஏற்ற வேண்டும், முதல் நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யானை விஷயம் பொய் இல்லை. பூப்பாறையிலிருந்து மூணாறு போகிற வழியில் ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல் பகுதி யானைகளின் இடம். ஊர்ப்பெயரே சொல்கிறதே. அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது மே மாதக் கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. தன் இடத்தை விட்டு எங்கோ கொண்டுபோய் விடப்பட்ட அந்த யானையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கும். உங்கள் முதல் பயணத்தை மெட்டோடு நிறுத்தித் திரும்பிவிடுங்கள், ஆனையிறங்கல் பக்கம் போக வேண்டாம். பின்னாளில் போவதாக இருந்தால் காலை ஏழரைக்கு முன்னாலும் மாலை ஐந்துக்குப் பின்னாலும் அந்தச் சாலையில் இருக்காதீர்கள். சைக்கிள் சத்தமில்லாமல் போகும், காரின் சத்தம் கேட்டு ஒதுங்கும் விலங்குக்கு நீங்கள் வருவது தெரியாது, திடீரென்று பக்கத்தில் பார்த்தால் அதுவும் பயந்துவிடும். பார்வை மறையும் வளைவில் மணியடித்துக்கொண்டே போங்கள். யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நின்று பின்வாங்குங்கள், ஜீப்போ பேருந்தோ வரும்வரை காத்திருங்கள். படம் எடுக்கக் கைபேசியைத் தேடாதீர்கள்.

கேள்வி: கார்த்திகை மாதம் விடுமுறை கிடைக்கிறது. கம்பம்மெட்டு ஏறிக் குமுளி வழியாக இறங்கலாமா?
(ராஜபாளையம் வாசகர்)

வேண்டாம். கார்த்திகை முதல் நாளிலிருந்து தை முதல் நாள் மகரவிளக்கு வரை அந்த இரண்டு சாலைகளும் சபரிமலை போகிறவர்களுக்கானவை. நெரிசல் கூடும்போது கம்பம்மெட்டு வழியாக ஏற்றமும் குமுளி வழியாக இறக்கமும் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வண்டி ஓட்டி வருகிறவர்கள் அதில் நிறையப் பேர். போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் மண்ணும் கல்லும் சரியும். விடுமுறையைத் தையில் மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மலையேறாமல் பள்ளத்தாக்குக்குள்ளேயே ஓட்டுங்கள்.

கேள்வி: கைபேசி வரைபடம் தேவாரத்திலிருந்து நேராக மலையேறிக் கேரளா போக வழி காட்டுகிறதே?
(சின்னமனூர் வாசகர்)

அது சாக்கலூத்துமெட்டுப் பாதை. தோட்டத்துக்கு நடந்து போகிறவர்கள் காலங்காலமாக மிதித்த தடம், சாலை கிடையாது. சாலை போட வேண்டும் என்று அந்த ஊர் மக்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த மலைத்தொடரில் மெட்டு என்று முடியும் பெயர்கள் நிறைய உண்டு, எல்லாவற்றுக்கும் வண்டிப்பாதை இல்லை. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ராமக்கல்மெட்டுக்கும் நடந்துதான் போக முடியும். கிளம்புவதற்கு முன் ஊரில் ஒரு டீக்கடையில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் தென்காசிக்காரர்கள். எப்போதும் தேனியைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் செங்கோட்டைச் சாலை கண்ணில் படவில்லையா?
(தென்காசி வாசகர்)

பட்டிருக்கிறது, அதனால்தான் தயங்கினேன். செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலை சுமார் 30 கிலோமீட்டர், ஏற்றம் போடிமெட்டில் கால்வாசிகூட இல்லை, அழகில் மட்டும் குறைவில்லை. சாரல் காலத்தில் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது முகத்தில் விழும் தூறலும், கழுதுருட்டியில் சாலைக்குப் பக்கத்திலேயே நிற்கும் பதின்மூன்று கண் ரயில் பாலமும் மறக்கக்கூடியவை அல்ல. 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தயக்கம் லாரிகளைப் பற்றியது. ஜல்லியும், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலும் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டும் கனரக லாரிகள் அந்தக் குறுகிய சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. எஸ் வளைவில் ஒரு லாரி திரும்பும்போது சைக்கிளுக்கு இடமே மிஞ்சாது. நம் பக்கத்துக் குன்றுகள் குறைந்துகொண்டே போவது வேறு வேதனை. ஆகவே அந்தச் சாலையில் பழக்கமில்லாதவர்களைப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பதில் பண்பொழி, மேக்கரை, கோட்டைவாசல் வழியாக அச்சன்கோவில் போங்கள். திருமலைக் குமரன் கோயில் குன்றைத் தாண்டி, அடவிநயினார் அணைப் பக்கம் வந்தால் சாலை காட்டுக்குள் நுழைந்துவிடும். நிழல், குறுகலான வளைவுகள், வண்டி குறைவு. இங்கேயும் யானை உண்டு, மேலே வாசகிக்குச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும். மழைநாளில் தரையில் பாசியும் இலையும் வழுக்கும், இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்காதீர்கள். மார்கழியில் அச்சன்கோவில் திருவிழா, அப்போது தவிர்க்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 62. கியர் இல்லாத பழைய சைக்கிள்தான். வாலிபத்தில் லோயர்கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறியிருக்கிறேன், பாதி மிதித்து, பாதி உருட்டி. மறுபடி ஒருமுறை ஏறிப் பார்க்க ஆசை. பேரன் சிரிக்கிறான்.
(கூடலூர், தேனி மாவட்டம்)

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏறலாம். ஆறேழு கிலோமீட்டர்தான், நிதானமாக உருட்டினாலும் இரண்டரை மணி நேரம். முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள், அவர் சரி என்றால் போதும். மாசியில் ஒரு வார நாள், காலை எட்டு மணி. லோயர்கேம்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் தொடங்குங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மிதிக்க முடிந்த இடத்தில் மிதியுங்கள், மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டுங்கள், உருட்டுவதும் ஏறுவதுதான். மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்கள் சாலைக்குப் பக்கத்தில் வரும் இடத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பாருங்கள், நீங்கள் வாலிபத்தில் பார்த்த அதே வயல்களுக்குத்தான் அந்தத் தண்ணீர் இன்றைக்கும் போகிறது.

இறங்குவதில்தான் எனக்குக் கவலை. போவதற்கு முன் பிரேக் கட்டைகள் நான்கையும் புதிதாக மாற்றுங்கள், செயினை இறுக்குங்கள். வளைவுகளில் ஓட்டாதீர்கள், இறங்கி நடந்து கடந்துவிட்டு அப்புறம் ஏறிக்கொள்ளுங்கள். பேரனையும் அவன் சைக்கிளோடு கூட்டிக்கொண்டு போங்கள். குமுளியில் போய்ச் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த வளைவு வரை மிதித்தீர்கள், பேரன் எங்கே இறங்கினான் என்று.